பழம்பெரும் மாளிகையில் ஓரிரவு வாசம்

நம்மவருள் ஒரு புதிய மோகம் பரவி வருகிறது. பிறந்தநாளாயினும், மணநாளாயினும், சங்கத்தின் ஆண்டு விருந்தாயினும் சரி, ‘சரித்திரப் புகழ் வாய்ந்த’ ஓட்டலிலேயே அது நடைபெற வேண்டும். ஓர் இரவேனும் அங்குத் தங்கிப் படமெடுத்து ஊரார்க்குக் காட்டவேண்டும். கையில் பணம் இல்லையேல் கடன் அட்டை இருக்கவே இருக்கிறது! உழைத்துக் களைத்தவன் ஒருநாள் பட்டு மெத்தையிற் படுத்தல் பாவம் என்று நாம் கூறவில்லை. சொந்தப் பணத்தில் தாராளமாகப் படுக்கட்டும். ஆனால், அம்மாளிகை எதற்காக எழுந்தது, அதன் எந்த வாயில் தன் பாட்டனுக்குத் திறந்திருந்தது என்றுகூடக் கேளாமல், ‘சரித்திரத்தில் தங்கினேன்’ எனத் தம்பட்டம் அடிப்பதையே கண்டிக்கிறோம்.

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நிற்கும் ஃபுல்லர்ட்டன் கட்டடத்தைப் பாருங்கள். 1928இல் திறக்கப்பெற்ற அது, நீரிணைக் குடியேற்றங்களின் முதல் கவர்னர் ராபர்ட் ஃபுல்லர்ட்டனின் பெயரைத் தாங்கியது. கீழே பொதுத் தபால் நிலையம். மேலே சிங்கப்பூர் கிளப். கீழ்த்தளத்தில் நிறம் என்ன, குலம் என்ன என்று கேட்பாரில்லை. தபால் தலைக்குக் காசிருந்தாற் போதும். மேல்தளமோ வெள்ளை வணிகரும் அதிகாரிகளும் கூடிக் களித்த இடம். 1942 பிப்ரவரியில் நகரம் வீழும் தறுவாயில் கவர்னர் ஷென்டன் தாமஸ் ஒதுங்கியதும் அந்தக் கிளப்பில்தான். துறைமுகத்திலும் நகரசபையிலும் உழைத்த தமிழன், எழுதத் தெரிந்தவனிடம் சொல்லி எழுதுவித்த கடிதத்துடன் வந்து நின்றது கீழே!

1996இல் தபால் நிலையம் வெளியேறிற்று. 2001இல் அது நானூறு அறை கொண்ட ஓட்டலாயிற்று. 2015இல் தேசிய நினைவுச் சின்னமும் ஆயிற்று. தூண்கள் துலங்குகின்றன. சிவப்புத் தபால் பெட்டிகளையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆயினும் தபால் நிலையம் இருந்தவிடத்தில் இன்று நடப்பது ‘போஸ்ட் பார்’ என்னும் மதுக்கூடம். கள்ளுக்கடையைக் கண்டும் காணாதவன்போல் கடந்து, மிச்சம்பிடித்த வெள்ளிகளை மனைவி மக்களுக்கு அனுப்ப வந்தவன் நின்ற இடத்தில் மதுக்கூடம்! இதனினும் பெரிய கேலி உண்டோ?

‘ஓட்டலாக்கியிராவிடில் கட்டடமே இடிந்திருக்குமே’ என்பர் சிலர். இருக்கலாம். கோலாலம்பூரில் ஸ்வெட்டன்ஹாமுக்காகக் கட்டிய கார்க்கோசா மாளிகையும் 1989இல் ஓட்டலாயிற்று. துரைமார் வாழ்ந்த வீட்டுக்கு விருந்தாளி கிடைப்பான். ஆதலின் அதற்குச் சுண்ணாம்பும் கிடைக்கிறது. பால்மரக் காட்டு லயங்களுக்கு யார் கிடைத்தார்? தோட்டம் கைமாறியதும் எத்தனையோ லயங்கள் தரைமட்டமாயின. பள்ளியும் கோயிலும் இடம் தேடி அலைந்தன. ஒற்றை அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்த அந்த வரிசை வீடுகளில் ஒன்றையேனும் காக்க முதலாளி முன்வரவில்லை என்று அழுவதிற் பயனென்ன? நாம் முன்வந்தோமா? விருந்துச் சீட்டு விற்பதில் காட்டிய ஊக்கத்தில் காற்பங்காவது காட்டினோமா?

சங்கத் தலைவர்களே! இவ்வாண்டு விருந்தைப் பள்ளி மண்டபத்தில் வாழையிலை போட்டு நடத்துங்கள். மிஞ்சும் பணத்தில் இரண்டு இளைஞரை அமர்த்தி, டிரங்குப் பெட்டிகளில் மக்கிக் கிடக்கும் கடிதங்களையும் மணியார்டர் ரசீதுகளையும் படமெடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். லயத்திற் பிறந்து எண்பது வயதைக் கடந்தவர் வீடுகளிலிருந்து அவர்கள் தொடங்கட்டும்.