மின்சிகரெட்டை ‘மேம்படுத்தும்’ நம் பிள்ளைகள்



‘வேப்’ என்று சொன்னால் நம்மில் பல பெற்றோருக்கு நினைவுக்கு வருவது பேனா அளவிலான ஒரு பிளாஸ்டிக் குழல். பழ வாசனையோடு ஆவி வரும், தீர்ந்ததும் எறிந்துவிடுவார்கள். இக்கட்டுரையில் நாம் பேச வந்திருப்பது அதைப் பற்றியன்று. வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் பெட்டிகளில் வேறொரு பொருளும் வருகிறது. பித்தளையிலோ செம்பிலோ கடைந்த ஒரு குழாய், உள்ளே ஒரு பேட்டரி, அடியில் ஒரு பொத்தான், தலையில் ஒரு கம்பிச்சுருளும் சிறிது பஞ்சும். அவ்வளவுதான். இளைஞர்கள் இதை ‘மெக் மாட்’ என்கிறார்கள். இதைப் பிடிப்பதைவிடப் பிரித்துப் பூட்டுவதில்தான் அவர்களுக்கு ஆர்வம் அதிகம். கம்பியைத் தாமே சுற்றுகிறார்கள். தொடுமுனைகளை உப்புத்தாள் கொண்டு தேய்க்கிறார்கள். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் காந்தம் வைக்கிறார்கள். ‘என்ன செய்கிறாய்?’ என்று உம்மா கேட்டால், ‘இம்ப்ரூவ் பண்ணுகிறேன்’ என்று பதில் வருகிறது.

அந்தச் சொல்லைத்தான் நாம் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க விரும்புகிறோம். ஹராமா, மக்ரூஹா என்ற கேள்விக்குப் பிறகு வருவோம். முதலில் அந்தக் குழாய்க்குள் நடப்பதைப் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டும். அறியாமல் கண்டிக்கும் தந்தையின் பேச்சைப் பதினெட்டு வயதுப் பிள்ளை கேட்பதில்லை. பிள்ளைக்குத் தெரிந்தது தந்தைக்குத் தெரியவில்லை என்பதே அவனுக்குப் போதுமான வெற்றியாகிவிடுகிறது.

கடையில் விற்கும் சாதாரண வேப் கருவிக்குள் ஒரு சிறு மின்சுற்று இருக்கும். கம்பி சூடு மிகுந்தாலோ, எங்கேனும் ஷார்ட் ஆனாலோ, பேட்டரி தாழ்ந்தாலோ அது மின்சாரத்தை நிறுத்திவிடும். மெக்கானிக்கல் வகையில் அந்தச் சுற்றே கிடையாது. பொத்தானை அழுத்தியவுடன் பேட்டரியும் கம்பியும் நேருக்கு நேர் நிற்கின்றன. நடுவில் தடுப்பார் யாருமில்லை.

உள்ளே இருப்பது பெரும்பாலும் 18650 எனப்படும் லித்தியம் அயன் பேட்டரி. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் வந்த பெயர். முழுதாகச் சார்ஜ் ஏறியபோது 4.2 வோல்ட் தரும். கம்பிச்சுருளின் தடை 0.5 ஓம் என்றால், பள்ளியில் படித்த ஓம் விதிப்படி 8.4 ஆம்பியர் ஓடும். வெப்பம் சுமார் 35 வாட். ரேடியோ பழுதுபார்ப்பவர் வைத்திருக்கும் 25 வாட் பற்றவைப்புக் கோலைவிடச் சற்று அதிகம். இனிப் பிள்ளை அதை ‘மேம்படுத்துகிறான்’. தடித்த கம்பி, இரண்டு சுருள்கள் பக்கத்தில் பக்கமாக. தடை 0.1 ஓமுக்கு இறங்குகிறது. இப்போது ஓடுவது 42 ஆம்பியர். வெப்பம் 176 வாட். ஏழு பற்றவைப்புக் கோல்களின் சூடு உதட்டுக்கு இரண்டங்குலத் தொலைவில் நிற்கிறது. ஆவி மேகம் போலக் கிளம்புகிறது, நண்பர்கள் கைதட்டுகிறார்கள்.

அந்த அளவிலான நல்ல பேட்டரிகளே தொடர்ச்சியாக 20 அல்லது 30 ஆம்பியர் வரைதான் தாங்கும். பழைய லேப்டாப்பை உடைத்து எடுத்தவை அதில் பாதியைக்கூடத் தாங்குவது அரிது. சந்தையில் கிடைக்கும் போலிகளோ மேலே ஒட்டிய காகிதத்தில் எதை வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்கின்றன. 18650 பேட்டரி ஒன்றின் மீது 9900 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால் அது பொய். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் நல்ல பேட்டரிகளின் கொள்ளளவு சுமார் 3500தான்.

இதைவிட நமக்கு அதிகக் கவலை தருவது ஒன்றுண்டு. இக்கருவியில் பிள்ளைகள் ‘குறை’ என்று கருதி நீக்குபவற்றுள் பல உண்மையில் காவல்கள். பொத்தானுக்கு அடியிலுள்ள ஸ்பிரிங் சூடு மிகுந்தால் தளர்ந்து அமுங்கித் தொடர்பைத் துண்டிக்கும்படி சில கருவிகளில் அமைத்திருப்பார்கள். அதை ‘மின்சாரம் வீணாகிறது’ என்று எடுத்துவிட்டுக் காந்தம் வைக்கிறார்கள். பொத்தான் தற்செயலாக அழுந்தாதிருக்க ஒரு பூட்டு வளையம் இருக்கும். அது அழகைக் கெடுக்கிறதாம். குழாயின் பக்கத்தில் வாயு வெளியேறச் சிறு துளைகள் இருக்கும். சிலர் மேலே அலங்கார உறை போட்டு மூடிவிடுகிறார்கள். இன்னும் சில மாதிரிகளில் மேற்பகுதியின் நடுமுள் பேட்டரியின் தலையை நேரடியாகத் தொடும். அந்த முள் ஒரு மில்லிமீட்டர் உள்ளடங்கிப் போனாலும் சுற்றியுள்ள உலோக விளிம்பு நேர்முனையையும் எதிர்முனையையும் இணைத்துவிடும். பேட்டரியைச் சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் உறையில் நகக்கீறல் அளவு கிழிசல் இருந்தாலும் அதே கதிதான். வேறு எந்த இயந்திரத்திலும் மேம்பாடு என்றால் வேலையும் பாதுகாப்பும் சேர்ந்து கூடும். இங்கே ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் ஓர் உறுப்பு விலையாகப் போகிறது.

பேட்டரி கட்டுமீறிச் சூடானால் உள்ளிருந்து வாயு பீறிடும். திறந்த வெளியில் கிடந்தால் அது சீறும், எரியும். இரு பக்கமும் திருகி மூடிய உலோகக் குழாய்க்குள் இருந்தால் அந்தக் குழாய் துப்பாக்கிக் குழலாகிறது, தலைப்பகுதி குண்டாகிறது. 2018 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 38 வயது மனிதர் ஒருவர் இப்படித்தான் இறந்தார். உலோகத் துண்டு அவரது தலைக்குள் பாய்ந்திருந்தது. 2019 ஜனவரியில் டெக்சாஸில் 24 வயது இளைஞர் ஒருவரின் கழுத்து இரத்தக்குழாயை வெடித்த கருவியின் துண்டு கிழித்தது, அவரும் பிழைக்கவில்லை. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 இறுதிவரை அந்நாட்டில் செய்திகளில் வந்த மின்சிகரெட் தீ, வெடிப்பு நிகழ்வுகளைத் தொகுத்தது. மொத்தம் 195. காயமுற்றோர் 133 பேர். அவர்களில் 38 பேருக்குக் கடுமையான காயங்கள். கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் ஒரு பொருளில் இது சிறிய எண்ணிக்கை என்று வாதிடலாம், வாதிடுகிறார்கள். ஆனால் அந்தக் கோடிகளில் பெரும்பாலோர் கையில் இருப்பது மின்சுற்றுள்ள கருவி. மொட்டை மாடியில் உட்கார்ந்து நம் பிள்ளை தேய்த்துக்கொண்டிருப்பது அதுவன்று.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் மின்சிகரெட் தடைச் சட்டம் நிகோட்டின் உள்ளதையும் இல்லாததையும் ஒன்றாகவே பார்க்கிறது. கருவியை ஒன்றுசேர்ப்பதும் அதன் உறுப்பொன்றைச் செய்வதும்கூட அச்சட்டத்தின்படி உற்பத்திதான். முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நண்பர்களுக்குச் சுருள் சுற்றிக் கொடுத்து ஐம்பதோ நூறோ வாங்கும் பையன் இதை அறிந்திருக்கிறானா? சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி 1 முதல் வைத்திருப்பதே குற்றம். அமீரகத்தில் விதிகளுக்கு உட்பட்டுக் கடையில் விற்கிறார்கள். அங்கே வாங்கியது இங்கே செல்லாது என்பதைச் சபுராளிகள் பெட்டி கட்டும்போதே நினைவில் வைக்க வேண்டும்.

இனி மார்க்கம். மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 2015 டிசம்பரில் வேப் புகைப்பதை ஹராம் என்று அறிவித்தது. இந்தோனேசியாவின் முஹம்மதியா அமைப்பு 2020இல் அதே முடிவுக்கு வந்தது. நம் பகுதி ஆலிம்களிடையே சிகரெட்டைப் பற்றியே இன்னும் இரண்டு கருத்துகள் இருக்கின்றன என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. பள்ளிவாசல் வாசலில் சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே வரும் பெரியவர், மகனின் ஆவிக்குழலைக் கண்டு ‘ஹராம்’ என்று கத்தினால் அந்தச் சொல்லுக்கு எடை எங்கிருந்து வரும்?

இளைஞர்கள் நம்மிடம் கேட்பவை வேறு கேள்விகள். ‘நிகோட்டின் இல்லாத திரவம்தானே?’ ‘வாசனை எசன்ஸில் ஆல்கஹால் இருக்குமா?’ ‘நோன்பை முறிக்குமா?’ கடைசிக் கேள்விக்கு விடை எளிது. வேண்டுமென்றே உள்ளிழுக்கும் புகை நோன்பை முறிக்கும் என்று ஆலிம்கள் சொல்லும்போது, திரவத்தைக் காய்ச்சி உள்ளிழுக்கும் ஆவிக்கு மட்டும் விலக்கு இருக்க வழியில்லை. ஆனால் எசன்ஸில் ஒரு துளி ஆல்கஹால் இருக்கிறதா என்று துருவித் துருவி ஆராயும் அதே பிள்ளை, உறை கிழிந்த பேட்டரியைச் சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தொழுகைக்கு நிற்கிறான். அல்பகரா அத்தியாயத்தின் 195ஆவது வசனம், மனிதர் தம் கைகளாலேயே அழிவைத் தேடிக்கொள்வதைத் தடுக்கிறது. இந்த இடத்துக்கு அது மிக நேராகவே பொருந்துகிறது என்று நாம் எண்ணுகிறோம்.

இன்னொரு செய்தியும் உண்டு. அதை நம் பயான்களில் அதிகம் கேட்பதில்லை. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, உள்ளே இருந்தவர்களோடு தீப்பற்றி எரிந்தது. அது நபி (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கச் செல்லும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றிருக்கிறது. எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டைக் கொளுத்திவிடக்கூடும் என்று காரணத்தோடு எச்சரிக்கும் அறிவிப்பும் உண்டு. அன்றைய திரி இன்று நம் பிள்ளைகளின் படுக்கையருகே இருக்கிறது. இருநூறு ரூபாய் சார்ஜரில் இரண்டு பேட்டரிகளைச் சொருகிவிட்டு, தலையணைக்குப் பக்கத்தில் வைத்து, விடியும் வரை உறங்குகிறார்கள். இது வேப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரிய பேச்சன்று. மலிவான பவர் பேங்கும் மின்சார ஸ்கூட்டர் பேட்டரியும் இதே நெருப்பைத்தான் சுமக்கின்றன.

‘சிகரெட்டை விடுவதற்குத்தான் இதை எடுத்தேன்’ என்று சொல்வோரும் இருக்கிறார்கள். அவர்களை நாம் ஏளனம் செய்யவில்லை. பிரிட்டனின் சுகாதாரத் துறையே புகைப்பவர்கள் சிகரெட்டை விடுவதற்கு வேப்பை ஒரு வழியாகச் சொல்கிறது. ஆனால் அது சொல்வது தரக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட கருவியை. உப்புத்தாளால் தேய்த்த குழாயை அன்று. சிகரெட்டே பிடித்திராத பையனுக்கு அந்த வாதம் பொருந்துவதும் இல்லை. உண்மையாக விட நினைப்பவருக்கு நம் நாட்டில் அரசின் இலவச ஆலோசனை எண் இருக்கிறது: 1800-11-2356.

பிள்ளையின் கையிலுள்ள திறமையை என்ன செய்வது? இதில்தான் நம் சமுதாயத்தின் மீது நமக்கு வருத்தம். 1206இல் எந்திரங்களைப் பற்றிய தம் நூலை எழுதி முடித்த அல்ஜஸரீயைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசுகிறோம். வீட்டில் ஒரு பையன் திருப்புளியைக் கையில் எடுத்தால் ‘போய்ப் படி’ என்கிறோம். 0.1 ஓம் வித்தியாசத்தை மீட்டரில் அளந்து கம்பி சுற்றத் தெரிந்தவன் சோம்பேறி அல்லன். அவனுக்கு மேசையும் ஆசானும் கிடைக்காததால் மொட்டை மாடிக்குப் போனான். அதே 18650 பேட்டரிகளைப் பாதுகாப்புச் சுற்றோடு இணைத்து அவசர விளக்குச் செய்யலாம்; மின்சார ஸ்கூட்டர் பழுதுபார்க்கக் கற்கலாம். இன்றைக்கு ஆள் கிடைக்காத தொழில் அது. ஜமாஅத்துகள் கோடை விடுமுறையில் மார்க்க வகுப்போடு ஒரு பணிமேசையும் போட்டால் என்ன? ஒரு மீட்டர், இரண்டு பற்றவைப்புக் கோல், தொழில் தெரிந்த ஒருவர். ஒரு கந்தூரிச் செலவில் பத்தில் ஒரு பங்கு ஆகாது.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை சில. கருவியைக் கண்டதும் பிடுங்கிக் குப்பையில் எறியாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கும் பேட்டரி அங்கேயே பற்றிக்கொள்ளும். கோபத்தில் அடுப்பில் போடுவதை நினைக்கவும் வேண்டாம். பேட்டரியைத் தனியே எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கத் தெரிந்தவன் அவன்தான். இரண்டு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, துணிமணி இல்லாத இடத்தில் ஒரு பீங்கான் பாத்திரத்தில் வைத்து, மின்கழிவு வாங்குமிடத்தில் ஒப்படையுங்கள். திரவப் புட்டி இருந்தால் அதை முதலில் சிறு குழந்தைகளுக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றுங்கள். பழ வாசனை அடிக்கும் அந்தத் திரவத்தில் நிகோட்டின் இருந்தால், குடித்துவிட்ட குழந்தையை உடனே மருத்துவமனைக்குத் தூக்க வேண்டியிருக்கும். அன்றிரவே பையனோடு உட்கார்ந்து, அவன் சுற்றிய சுருளின் தடை எத்தனை ஓம், பேட்டரி தாங்குவது எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். கணக்கை அவனே தாளில் போட்டுக் காட்டட்டும்.