ஒரு பக்கம் தடை, மறுபக்கம் வழி

பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய மலையேற்ற, சாகச விளையாட்டு நிறுவனத்தின் குழு 2025 மே மாதம் நேபாளம் வழியாகக் கஞ்சன்ஜங்காவில் ஏறியது. மாநிலங்களின் மிக உயரமான இடங்களில் தேசியக் கொடி ஏற்றும் இயக்கத்தின் நிறைவு அது. சிக்கிமின் உயரமான இடம் என்ற கணக்கில்தான் இம்மலை பட்டியலில் வந்தது. அந்தச் சிக்கிமோ இதில் ஏற 2001-லேயே தடை விதித்துவிட்டது. முதல்வர் பிரேம் சிங் தமாங் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதி எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

8,586 மீட்டர் உயரமுள்ள இம்மலை சிக்கிம் பௌத்தர்களுக்குக் காவல் தெய்வம். ஆண்டுதோறும் பாங் லாப்சோல் விழாவில், ஐந்து மண்டையோடுகள் பதித்த மகுடத்துடன் செந்நிற முகமூடி அணிந்து அத்தெய்வம் ஆடி வரும். 2000-இல் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓர் ஆஸ்திரியக் குழுவுக்கு அனுமதி கொடுத்தபோது எழுந்த எதிர்ப்பே மறு ஆண்டின் தடைக்கு வித்திட்டது.

இந்த மரியாதையை வெளிநாட்டார் எப்போதோ கற்றுக்கொண்டார்கள். 1955 மே 25 அன்று ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் முதன்முதலாக மேலே சென்றனர். அவர்களும் நேபாளப் பக்கமாகத்தான் ஏறினர். சிக்கிமின் தடை உத்தரவு எதுவும் அன்று இல்லை. ஆனாலும், சிக்கிம் அரண்மனைக்குக் கொடுத்த வாக்குக்காக உச்சிக்குச் சில அடி முன்னால் நின்று திரும்பினர். மறுநாள் சென்ற இருவரும் அப்படியே செய்தனர். உலகின் மூன்றாவது உயரமான சிகரம், காலடி படாமலே வெல்லப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்கு முன் அந்நியர் மதித்ததை இந்திய அரசு நிறுவனம் மதிக்கவில்லை என்பது வெட்கக்கேடு.

மலை எல்லாருக்கும் பொது, ஏறுவது தனிமனித உரிமை என்பது எதிர்வாதம். அரசுச் செலவில் கொடியோடு போன குழுவுக்கு அது எந்த விதத்திலும் பொருந்தாது.

ஏறுபவரின் மனசாட்சிக்கே விட்டுவிடலாம் என்பாரும் உண்டு. விரல்விட்டு எண்ணும் அளவுக்கு ஆட்கள் வந்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது; கூட்டம் பெருகிய பின் போதாது. ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையடியில், ஏற வேண்டாம் என்று அதைப் புனிதமாகக் கருதும் அனங்கு மக்கள் வேண்டிக் கேட்ட பலகை பல ஆண்டுகள் நின்றது. அதைத் தாண்டி மக்கள் ஏறிக்கொண்டேயிருந்தனர். 2019 அக்டோபர் 26-இல் சட்டப்படி தடை வந்த பிறகே ஏற்றம் நின்றது.

சிக்கிம் ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் பயனில்லை. அரசு நிறுவனம் எதுவும் எந்த வழியிலும் இச்சிகரத்தில் ஏறக் கூடாது என மத்திய அரசு உத்தரவிட வேண்டும். நேபாளத்துடன் பேசி அப்பக்க அனுமதியையும் நிறுத்த வேண்டும். அதுவரை 2001-ஆம் ஆண்டுத் தடை வெறும் காகிதமே.