செவ்வாய்க்கிழமை லீவும் பள்ளி விடுமுறையும்

மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமைதான் வாரத்திலேயே கடுமையான வேலை நாள். ஊருக்கெல்லாம் அன்று லீவு என்பதால் கூட்டம் அங்கே வந்து மொய்க்கிறது. சேலைப் பிரிவில் நிற்கும் பெண்ணுக்கு வார லீவு செவ்வாயில் வரும், புதனில் வரும், ஞாயிறில் வராது. அவருடைய பிள்ளைகளோ சனி, ஞாயிறு விட்டால் மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். ஜூனிலிருந்து ஏப்ரல் வரை அம்மாவின் லீவும் பிள்ளையின் லீவும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே அபூர்வம். மே மாதம் வந்தால்தான் இரண்டும் ஒரே நாளில் விழுகின்றன.

அப்படி விழுகிற நாள்கள் மொத்தம் நாலோ ஐந்தோதான்.

கோடை விடுமுறை என்றதும் பேச்சு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்விடுகிறது. 2024 மே மாதம் முதல் அந்த இரண்டு ஊர்களுக்கும் வாகனத்தில் போக இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு நெரிசல். ஒற்றை நாள் லீவு உள்ளவருக்கு அந்த மலை எட்டாது. ஏறி இறங்குவதற்கே பகல் கரைந்துவிடும். மறுநாள் காலை கடை திறக்கும்போது நிற்கக் காலில் வலு இருக்காது. அவருக்கு வாய்த்தது உள்ளூர். அந்த உள்ளூர் ஒரு நாள் நிறைவாகக் கழிய இடம் தருகிறதா என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி. மதுரை பாதிக்குமேல் தருகிறது. மீதியை அரசும் மாநகராட்சியும் கடை முதலாளிகளும் தர வேண்டும்.

அந்த நாள் பல வீடுகளில் மாவு மில்லில் தொடங்குகிறது. வருஷத்துக்கு வேண்டிய மிளகாய்த்தூளைக் கோடையில்தான் அரைத்து வைப்பார்கள். ராமநாதபுரம் சீமையின் மிளகாய் மாசி, பங்குனியில் பறிபட்டுச் சந்தைக்கு வருகிறது; அதில் உருண்டையாக இருக்கும் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மொட்டை மாடியில் நன்றாகக் காய்ந்த மிளகாயைக் கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும். காம்பு கிள்ளி, மல்லி, விரலி மஞ்சள், மிளகு, சீரகம் சேர்த்து வாளியில் கட்டி எடுத்துப் போக வேண்டும். மில்லில் கேட்கும் முதல் கேள்வி, இதற்கு முன்னால் மிஷினில் என்ன ஓடியது என்பது. சீயக்காய் ஓடியிருந்தால் யாரும் உடனே மிளகாயைக் கொட்ட மாட்டார்கள். அரைத்த தூள் கை பொறுக்காத சூட்டில் வந்து விழும். பழைய செய்தித்தாளில் பரப்பி ஆறவிட்டுத்தான் டின்னில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்துக் கட்டி தட்டிவிடும், வாசமும் போய்விடும். இதற்கென்று ஒரு கோடைகாலப் பயிற்சி முகாமும் கிடையாது. தும்மிக்கொண்டே வரிசையில் நிற்கும் பிள்ளை தானாகக் கற்றுக்கொள்கிறது. முகாம்களுக்குக் கட்டும் பணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மில்லில் நின்ற ஒரு மணி நேரமும் படிப்புதான்.

அடுத்தது தையல்காரர். பள்ளி திறக்குமுன் சீருடையின் மடிப்பைப் பிரித்து நீளம் கூட்ட வேண்டும், அண்ணன் கால்சட்டையைத் தம்பிக்குப் பிடித்துத் தைக்க வேண்டும். மதுரைக்காரர்களுக்குத் தையல் என்றால் மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தின் எதிரே உள்ள புதுமண்டபம்தான் நினைவுக்கு வரும். நாயக்க மன்னர் பத்துப் பேரின் சிலைகள் நிற்கும் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் தலைமுறை தலைமுறையாக ஓடின. சித்திரைத் திருவிழாவில் தண்ணீர் பீய்ச்சும் பக்தர்களுக்கான கள்ளழகர் வேஷ உடுப்பும் தலைப்பாகையும் அங்கேதான் தைக்கப்பட்டன. சீரமைப்புக்காகக் கடைகள் சில ஆண்டுகளுக்கு முன் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. வாடிக்கையாளர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள்.

புதுமண்டபத்துக்கு வசந்த மண்டபம் என்றும் பெயர் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அதைக் கட்டியதே வைகாசியில் நடக்கும் வசந்த உற்சவத்துக்காக. மீனாட்சியும் சுந்தரேசுவரரும் கோடையில் அங்கே எழுந்தருள்வார்கள். மண்டபத்தைச் சுற்றி அகழிபோலப் பள்ளம் அமைத்து, அதில் நீர் நிரப்பி, மேலே படும் காற்றைக் குளிர்வித்தார்கள். வெயிலுக்கு ஒரு கட்டடம் செய்யக்கூடிய கைம்மாறு இது. சாமிக்கு வெக்கை தாங்காது என்று எண்ணிய ஊர், இன்று பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் மனிதர்களுக்கு எவர்சில்வர் கம்பி இருக்கையும் தகரக் கூரையும் போட்டு வைத்திருப்பது வருத்தம் தருகிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த இருக்கையில் குழந்தையை உட்கார வைக்க முடியாது.

பஸ்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வேலைக்குப் போய்வர உதவும் திட்டம் என்றே அது பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால் லீவு நாளில்தான் அதன் அருமை முழுதாகத் தெரிகிறது. மில், தையல் கடை, அம்மா வீடு, நூலகம், தெப்பக்குளம் என்று ஐந்து இடம் ஏறி இறங்கினாலும் பிள்ளையின் அரை டிக்கெட்டோடு செலவு முடிந்தது. மிச்சப்படும் காசில் ஆளுக்கொரு ஜிகர்தண்டா குடிக்கலாம். முதல் நாள் இரவே ஊறப்போட்டுக் கண்ணாடிபோல் உப்பிய பாதாம் பிசின், சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். அல்லது தள்ளுவண்டியில் நுங்கு. சீவச் சீவக் கையில் வாங்கிக்கொள்ளலாம். இந்த இரண்டில் எது மேல் என்ற வழக்கு பிள்ளைகளுக்கும் பாட்டிகளுக்கும் இடையே தீராது.

நடுப்பகல்தான் சிக்கல். மதுரையில் மே மாதம் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இப்போது செய்தியே இல்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இறந்த பிறகு தரும் பணத்தைவிட, உயிரோடு இருக்கும்போது உட்கார ஒரு நிழல் தருவது மலிவு. பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை, காசு கொடுக்காமல், யாரும் எழுந்து போகச் சொல்லாமல் ஒரு குடும்பம் எங்கே இருக்க முடியும்? வணிக வளாகம் குளுகுளுவென்று இருக்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு அடியிலும் பிள்ளை எதையாவது கேட்கும். ஒவ்வொரு முறையும் இல்லை என்று சொல்வது தாய்க்கு ஓய்வாகாது.

இதற்கு நல்ல விடை ஒன்று புது நத்தம் சாலையில் இருக்கிறது. 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டு லட்சம் சதுர அடிக்குமேல் பரப்புள்ளது, குளிரூட்டப்பட்டது. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. உள்ளே போக யாரும் பணம் கேட்பதில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் நிறைந்த அந்தக் கட்டடத்தில், செருப்புக் கழன்ற கால்களோடு தரையில் உட்கார்ந்து படக்கதை பார்க்கும் சிறுவர்களும் இருக்கிறார்கள். தென் மாவட்டங்களில் அண்மைக் காலத்தில் பொதுப்பணம் இவ்வளவு நன்றாகச் செலவான இடங்கள் குறைவு.

அங்கே போக முடியாதவர்களுக்குத் தமுக்கம் இருக்கிறது. ராணி மங்கம்மாள் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய நாயக்கர் அரண்மனையில், 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம். தடித்த சுவர்கள், உயரமான கூரை, சுற்றிலும் மரங்கள். சுடப்பட்ட நாளில் காந்தி உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணி அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததைப் பிள்ளைகள் அந்தக் கண்ணாடியின் முன் நின்றுதான் புரிந்துகொள்கிறார்கள். இன்னொன்று, மேலமாசி வீதியின் கதர் கடை. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையைக் கைவிட்டு அரையாடைக்கு மாறியது அந்தக் கட்டடத்தில்தான். வியர்வை துடைக்க ஒரு கதர்த் துண்டு வாங்கப் போகிறவர்கள், அந்த வரலாற்றின் வாசல்படியை மிதித்துத்தான் உள்ளே போகிறார்கள். மதுரையில் கடை வேலைக்கும் வரலாற்றுக்கும் அவ்வளவு கிட்டத்துத் தூரம்.

வெயில் தாழ்ந்ததும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது; ஏறக்குறைய 16 ஏக்கர். திருமலை நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் குளமானது என்றும், அப்போது மண்ணுக்குள் கிடைத்தவரே மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் ஊரில் சொல்வார்கள். வைகையிலிருந்து நீர் வரும் வாய்க்கால் தூர்ந்துபோய், பல ஆண்டுகள் குளம் வறண்டே கிடந்தது. பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடினார்கள். வாய்க்காலைச் சரிசெய்த பிறகு, சில ஆண்டுகளாக வைகை நீர் மறுபடி வந்து சேர்கிறது. அதோடு ஊரின் மாலை நேரமே இடம் மாறிவிட்டது. கல்படிகளிலும் சுற்றுச்சுவரிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். சுண்டல், அவித்த கடலை, பஞ்சு மிட்டாய் விற்பவர்களின் பிழைப்பும் அதன்மேல் நடக்கிறது. ஒரு வாய்க்காலைத் தூர்வாரினால் நிலத்தடி நீர் ஏறும் என்பது தெரிந்த கணக்கு. ஆயிரக்கணக்கானவர்களின் லீவு நாளுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது என்பதைப் பொறியாளர்களும் அதிகாரிகளும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பஸ் நிறுத்தங்களில் தகரத்துக்குக் கீழே ஒரு கீற்றுத் தடுப்பாவது வேண்டும். பக்கத்தில் ஒரு புங்கமோ வேம்போ வைத்தால் சில ஆண்டுகளில் அந்தத் தகரமே தேவைப்படாது. சாலையை அகலப்படுத்த வெட்டிய மரங்களுக்கு ஈடாக நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்பதை மாநகராட்சி வார்டு வாரியாக வெளியிட வேண்டும். குளக்கரையிலும் கடைவீதியிலும் பெண்கள் நுழையத் தயங்காத கழிப்பறை வேண்டும். அது இல்லாததால்தான் பல பெண்கள் வெளியே இருக்கும் நேரம் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். வெயிலில் அது ஆபத்து. அரசு விடுமுறை என்றால் கிளை நூலகத்துக்கும் பூட்டு என்ற வழக்கமும் மாற வேண்டும். மற்றவர்கள் ஓய்வாக இருக்கும் நாளில்தான் நூலகத்துக்கு வேலை இருக்கிறது. அன்று வேலை பார்க்கும் நூலகருக்கு மாற்று நாளில் லீவு கொடுத்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த லீவு நிச்சயமாகக் கிடைக்க வேண்டும். கடைகள் சட்டம் 1947-இலேயே ஊழியருக்கு வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறையை உரிமையாக்கிவிட்டது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகள் எல்லா நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் அரசு அனுமதித்தபோதும், சுழற்சி முறையில் வார விடுமுறை தரவேண்டும் என்பது நிபந்தனை. கால் கடுக்க நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் அதே சட்டத்தில் திருத்தமும் வந்தது. சட்டத்தில் குறையில்லை. நடைமுறையில் சித்திரை, வைகாசி முகூர்த்தக் கூட்டம் வந்ததும் முதலில் பறிபோவது வார லீவுதான். "நாளைக்கு வந்துடும்மா, அடுத்த வாரம் சேர்த்து எடுத்துக்கலாம்" என்று சூப்பர்வைசர் முந்தின நாள் இரவு சொல்வார். அடுத்த வாரம் அது கிடைத்தாலும், மில்லுக்கு எடுத்து வைத்த மிளகாயும் பிள்ளைக்குச் சொன்ன வாக்கும் அதற்காகக் காத்திருப்பதில்லை. சில வாரம் இப்படிப் போனால் பள்ளி திறந்துவிடும். பிறகு அடுத்த மே மாதம்தான்.

ஆகவே கடை முதலாளிகள் சங்கங்கள் மே மாதத்துக்கான லீவுப் பட்டியலை ஏப்ரல் கடைசிக்குள் எழுதிக் கடைக்குள் ஒட்ட வேண்டும். எழுதிய தேதியைக் கூட்டத்தைக் காரணம் காட்டி மாற்றக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு அந்த மாதத்தில் ஒரு முறையாவது இரண்டு நாள் சேர்த்துத் தர முடியுமா என்றும் பார்க்க வேண்டும். உட்கார நாற்காலி இருக்கிறதா என்று ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறை அலுவலர்கள், மே மாதத்தில் வரும்போது அந்தப் பட்டியலையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பட்டியலில் உள்ள பெயருக்குரியவர் அன்று கடையில் நிற்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும்.