வத்தல் காய்ந்த வெயில்

மே மாதம் வந்தால் போதும், கல்லூரிப் பையன்கள் கூடும் இடத்தில் எல்லாம் ஒரே புலம்பல்தான். "சின்ன வயசு லீவு மாதிரி இப்ப வர்றதே இல்லடா!" பரீட்சையை முடித்து, அரியர் பயத்தை ஓரமாக வைத்துவிட்டு, டீ கிளாஸும் கையுமாக இருபத்தொரு வயசுக்காரர்கள் அறுபது வயசுப் பெரியவர்கள் மாதிரிப் பெருமூச்சு விடுவதைப் பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் புலம்பலில் ஒரு கணக்கு விட்டுப்போயிருக்கிறது.

அந்த லீவு எப்படி இருந்தது? திருநெல்வேலிப் பக்கம் என்றால், முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே ஆச்சி வீடு. மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் ஆரம்பித்து 25 நாள் போல நீளும். வெளியே கால் வைக்க முடியாத அந்த வெயிலுக்குத்தான் ஆச்சி வருஷம் முழுக்கக் காத்திருப்பாள், கூழ்வத்தல் போட.

முந்தின ராத்திரியே ஜவ்வரிசியை ஊறப்போட வேண்டும். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து கூழ் காய்ச்ச வேண்டும். அடி பிடிக்காமல் கை ஓயக் கிளற வேண்டும். பச்சைமிளகாய், உப்பு, பெருங்காயம். வெயில் ஏறுவதற்குள் அந்தக் குண்டானை மொட்டைமாடிக்குச் சுமந்துபோய், பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்ற வேண்டும். காய்ந்தபின் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாக உரித்து, மறுபடி வெயிலில் போட வேண்டும்.

பேரப்பிள்ளைகள் செய்தது என்ன? ஒரு குடையும் ஒரு குச்சியும் வாங்கிக்கொண்டு காக்கா விரட்ட உட்கார்ந்தது. காக்கா தின்றதைவிடக் காவலாளி தின்றதுதான் அதிகம். (பாதி காய்ந்த வத்தலின் ருசி தெரியாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்.)

இதில் லீவு யாருக்கு? பத்துப் பேர் வந்திறங்கின வீட்டில் ஆச்சிக்கும் அம்மாவுக்கும் சித்திக்கும் பகல்தூக்கம்கூடக் கிடையாது. கரண்ட் போன மத்தியானங்களில் எல்லாரும் பாயில் உருண்டபோது விசிறி வீசின கை யாருடையது என்று எந்தப் பிள்ளையும் திரும்பிப் பார்த்ததில்லை.

தேசிய வருமானம் பாடம் படித்தவர்களுக்கு பிகு என்ற பொருளாதார நிபுணர் சொன்ன உதாரணம் ஞாபகம் இருக்கும். சம்பளத்துக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை முதலாளியே கல்யாணம் பண்ணிக்கொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும். வேலை அதேதான், சம்பளம் மட்டும் நின்றுபோகும். பி.காம். வகுப்பில் இதற்கு எல்லாரும் சிரிப்பார்கள். அப்புறம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வார்கள். அவ்வளவுதான்.

2019ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழித்தார்கள். ஆண்கள் 97 நிமிடம். ஆச்சி வீட்டு மே மாதத்தில் அந்த 299 எங்கே போய் நின்றிருக்கும்? 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தர ஆரம்பித்தபோது 'உதவி' என்று சொல்லாமல் 'உரிமைத் தொகை' என்று பேர் வைத்தார்களே, அதைப் பாராட்டத்தான் வேண்டும். தொகை போதுமா என்பது வேறு சண்டை.

லீவு போச்சே என்று அழுகிறவர்களிடம் கேட்க ஒரு கேள்விதான் இருக்கிறது. ஊருக்குப் போனால் இரண்டாம் நாளே போரடிக்கிறது என்கிற பையன், அந்தக் குண்டானை ஒரு தடவையாவது மாடிக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறானா? பத்து வயசில் முடியாது, சரி. இருபத்தொரு வயசில் அது என்ன பெரிய பாரம்?

பல வீடுகளில் ஆச்சிக்கு இப்போது முழங்கால் வலி. மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. வத்தல் கடையிலிருந்து பாக்கெட்டில் வருகிறது. பதினொரு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கித் தெருவைப் பார்த்துக்கொண்டே ஆச்சி சொல்வாள், "வெயிலு சும்மா கெடந்து அடிக்கு. ஒரு வேட்டிய விரிக்க ஆளில்ல."

பேரன் செல்போனிலிருந்து தலை நிமிராமல் சொல்வான், "ஆமா ஆச்சி, செம வெயில்."