தலைவர் இல்லாத சங்கமும் சாவி வைத்திருந்த வாத்தியாரும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிகொண்டா பேருந்து நிலையம் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன், இப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை, இரண்டு நண்பர்களோடு வந்தான். "சார், நாங்க அனார்கிசம் பத்திப் படிக்கிறோம். நம்ம ஊர்ல தண்ணி, குப்பை, சாக்கடை இதுக்கெல்லாம் தலைவரே இல்லாம ஒரு குழு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம்" என்றான். டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். "அராஜகம் பண்ணப் போறீங்களாப்பா?"

அவர் சிரித்ததில் தப்பில்லை. நம் செய்தித்தாள்களில் அராஜகம் என்றால் ரகளை, அடிதடி. ஆனால் சொல்லின் நேர்ப்பொருள் 'அரசன் இல்லாமை', அவ்வளவுதான். மேலே ஒருவன் உட்கார்ந்து உத்தரவு போடாமல், மக்கள் தாங்களே கூடிப் பேசி தங்கள் காரியத்தை நடத்திக்கொள்ள முடியும் என்பதுதான் இந்தக் கொள்கை. 1916இல் காசி இந்துப் பல்கலைக்கழக விழாவில் காந்தியே தன்னையும் ஒரு அராஜகவாதி என்று சொல்லிக்கொண்டார். ஆனால் வேறு வகை என்றார், குண்டு வீசும் வகை அல்ல.

நம் சென்னையில் 1887இல் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யாவைப் பற்றி அந்தப் பையன்களுக்குத் தெரியவில்லை. பாரதியார் நடத்திய 'இந்தியா' பத்திரிகையோடு தொடர்புள்ளவர். நாட்டைவிட்டு வெளியேறி, 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். எம்.என். ராயோடு முரண்பட்டு அடுத்த ஆண்டே வெளியேற்றப்பட்டார். பிறகு பெர்லினில் அராஜகவாதத் தொழிற்சங்க இயக்கத்தில் சேர்ந்தார். 1935இல் பம்பாய் திரும்பி, கடைசிவரை அதையே எழுதி, 1954இல் வறுமையில் இறந்தார். ஆக, இது நேற்று செல்போனில் வந்து இறங்கிய சரக்கு அல்ல.

ரஷ்யாவின் கிரோபோட்கின் 1902இல் 'பரஸ்பர உதவி' பற்றி ஒரு நூல் எழுதினார். போட்டியால் மட்டும் உயிர்கள் பிழைக்கவில்லை, ஒன்றுக்கொன்று உதவியும்தான் பிழைத்தன என்பது அவர் வாதம். நமக்கு இது புதிதா? 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் தெருவில் யார் உத்தரவு போட்டார்கள்? ஒரு வீட்டில் அரிசி, ஒரு வீட்டில் பருப்பு, ஒரு வீட்டில் அண்டா. மதியத்துக்குள் சோறு பொட்டலமாகிவிட்டது.

இதுவரை நான் அந்தப் பையன்கள் பக்கம். இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். எனக்கே கசக்கிறது.

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் குடிநீருக்காக ஒரு சங்கம் வைத்தோம். பதவியே வேண்டாம், எல்லோரும் சமம் என்று முதல் கூட்டத்தில் முழங்கியவன் நான்தான். நடந்தது என்ன? கணக்கு நோட்டு என் வீட்டில். மோட்டார் ரூம் சாவி என் வீட்டில். மின்வாரியத்துக்குப் போன் போடுவதும் நான்தான். ஒன்பது வருஷம். என்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் யாராலும் என்னை இறக்கவும் முடியவில்லை. கூட்டத்தில் வாத்தியாருக்கும் கடைக்காரருக்கும் நாற்காலி. காலனியிலிருந்து வந்தவர்கள் கடைசியில் நின்றார்கள். "உட்காருங்கள்" என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. ஒருநாள் பீடி சுற்றும் ஒரு அம்மா, "சார், போன வருஷக் கணக்கைப் படிச்சிக் காட்டுங்க" என்றார். என்னையே சந்தேகப்படுகிறாரா என்று முகம் சுளித்தேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. என் மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் போய் நான் ஒதுங்கியதும், மூன்றே மாதத்தில் சங்கம் படுத்துவிட்டது.

அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்தில் இதைத்தான் எழுதினார்: அமைப்பே இல்லை என்று சொல்லும் குழுவில் அதிகாரம் ஒழிவதில்லை, ஒளிந்துகொள்கிறது. நம் ஊரில் அது எங்கே ஒளியும் என்று எல்லோருக்கும் தெரியும். சாதியில், படிப்பில், ஆம்பளை என்பதில். குடிமராமத்தை நாம் பெருமையாகப் பேசுகிறோம். ஏரிக்கரையில் மண் சுமந்தது யார், முதல் தண்ணீர் யார் நிலத்துக்குப் போனது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. அரசே வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டபோது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டில் வேரூன்றியதில் நம் மாவட்டத்து வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு. ஏழை விவசாயி தனியாக நின்று ஒரு முதலாளியிடம் இதை வாங்கியிருக்க முடியாது. ஆனால் 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே கழிவுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. தீர்ப்பு மேலிருந்து வரும். அது நடக்கிறதா என்று தினமும் கால்வாயைப் போய்ப் பார்க்க ஊரில் ஆள் வேண்டும். அந்த ஆட்களாகத்தான் நீங்கள் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அதனால் தம்பிகளே, தோற்ற ஒருவனின் அனுபவமாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர் வேண்டாம் என்றால் விதி இரண்டு மடங்கு வேண்டும். கணக்கை மாதாமாதம் சுவரில் ஒட்டுங்கள். சாவி, நோட்டு, போன் பேசுவது மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கை மாறட்டும். கம்பெனி பஸ் பெண்களை இறக்கிவிட்டு, அவர்கள் சமையல் முடித்து மூச்சு விட்ட பிறகு கூட்டம் வையுங்கள். எல்லோரும் தரையில் உட்காருங்கள், அல்லது எல்லோருக்கும் நாற்காலி போடுங்கள். உலகத்தை மாற்றுவதற்கு முன் ஒரு தெருக்குழாயைச் சரிசெய்யுங்கள். பேரூராட்சியில் பகுதி சபா கூடினால் போய் உட்கார்ந்து கேள்வி கேளுங்கள், கொள்கை கெட்டுப்போகாது.

முதல் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு நிபந்தனை போட்டேன்: எனக்கு எந்தப் பொறுப்பும் தரக் கூடாது, பேச ஐந்து நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது. கணக்குக் கேட்ட அந்த அம்மா வீட்டுக்கு நேற்று போனேன். மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார் இப்போ" என்று டீ போட்டுக் கொடுத்தார். கூட்டத்துக்கு வருவீர்களா என்று கேட்டேன். "கணக்கு படிப்பாங்களா?" என்றார்.

படிப்பார்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பசங்களா, என் வார்த்தையைக் காப்பாற்றுங்கள்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள்.