மாடிப்படியில் கேட்ட பண்பலை

அன்புள்ள வாசகர்களுக்கு,



சென்ற இதழில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தோம்: கடந்த பத்து ஆண்டுகளில் நீங்கள் வாங்கிய மின்னணுப் பொருள்களில் கொடுத்த காசுக்கு உழைத்தது எது? இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சேலையூர் மாணவர் ஒருவர், தன் போனில் விளையாட்டு எவ்வளவு சீராக ஓடுகிறது என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். குரோம்பேட்டைப் பெரியவர் ஒருவருக்கு, வெளிநாட்டில் இருக்கும் பேத்தியின் முகத்தைக் காட்டும் டேப்லெட்டுக்கு மேல் ஒன்றுமில்லை. மேடவாக்கத்து வாசகி, மூன்று போன் மாறியும் மிக்ஸி மாறவில்லை என்கிறார். கேமராவைப் பாராட்டியவர்கள்தான் அதிகம். அடுத்து விளையாட்டு, அதற்கும் அடுத்து ரீல்ஸ். எல்லாவற்றையும் படித்தேன், சிலவற்றை இரண்டு முறை.

ஒருவர்கூட வானொலியைச் சொல்லவில்லை. ஐப்பசி பிறந்துவிட்டது. பள்ளிக்கரணைக் கழுவெளிக்கு மேல் மேகம் கூடிக்கொண்டிருக்கிறது. அதனால் அதை நானே சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயலுக்கு முந்தின நாளே மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கரணையில் எங்கள் குடியிருப்பு, வேளச்சேரி - தாம்பரம் சாலையிலிருந்து நாலு தெரு உள்ளே. விடிவதற்குள் கீழ்வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். தெருமுனை பில்லர் பாக்ஸ் முழுகிவிட்டதால் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள், நிறுத்தத்தான் வேண்டும். மதியத்துக்குள் டவரும் போனது. கீழ்வீட்டுக்காரர்கள் எல்லாரும் பாய், பக்கெட், அரிசி டின்னோடு மாடிப்படிக்கு ஏறிவிட்டார்கள். எங்கள் கட்டடத்தில் அன்று இருபது போனாவது இருந்திருக்கும். பிள்ளைகள் கையில் இருந்தவை முதலில் அணைந்தன. பெரியவர்கள் சிக்னல் தேடித் தேடியே தங்கள் போனின் சார்ஜைத் தீர்த்தார்கள். போன் சிக்னல் தேடும்போதுதான் பேட்டரியை வேகமாகத் தின்கிறது. ஏரோபிளேன் மோடில் போட்டிருக்கலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

கீழ்வீட்டு ஆட்டோ ஓட்டுநரிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. ஓரம் தேய்ந்து, ரப்பர் பேண்ட் போட்டு மூடியை இறுக்கிக் கட்டியிருந்தது. அவர் இயர்போனைச் சொருகி, பண்பலை வானொலியைப் போட்டு, ஒரு முனையைத் தன் காதிலும் மறுமுனையை என் காதிலும் வைத்தார். "கேளுங்கம்மா, பொயலு ஆந்திரா பக்கம் நவுருதாம்" என்றார். நான் கேட்டேன். கேட்டதை உரக்கச் சொன்னேன். மேல்படியில் இருந்தவர் அதற்கும் மேலே சொன்னார். இப்படி மூன்று மாடிக்குச் செய்தி போயிற்று. மழை விடப்போகிறது என்று தெரிந்ததும் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் அழுதுவிட்டாள். அதுவரை அவள் அழவில்லை.

அந்தப் போன் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் ஓடியது. இரவில் அதன் டார்ச்தான் படிக்கட்டுக்கு வெளிச்சம். பிள்ளைகள் வரிசை போட்டு அதில் பாம்பு விளையாட்டு ஆடினார்கள். ஆளுக்கு ஓர் ஆட்டம், பாம்பு செத்தால் அடுத்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று அவர்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு, எங்கள் தெருவில் போன் ரிப்பேர் செய்யும் தம்பியிடம், மற்ற போன்கள் ஊமையானபோது வானொலி மட்டும் எப்படிப் பேசியது என்று கேட்டேன். அவர் சொன்னதையும், பிறகு நான் தேடித் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். பண்பலை ஒலிபரப்புக்கு உயரமான ஒரே கோபுரம் போதும். அதிலிருந்து புறப்படும் அலை பல கிலோமீட்டர் போகும். கேட்பவர் நூறு பேரா, பத்து லட்சம் பேரா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. செல்போன் வலை அப்படி அல்ல. தெருவுக்குத் தெரு சின்னச் சின்ன டவர்கள். ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் வேண்டும், அது போனால் பேட்டரி, அதுவும் தீர்ந்தால் டீசல் ஜெனரேட்டர். வெள்ளத்தில் டீசல் வண்டி உள்ளே வர முடியாது. டவர் உயிரோடு இருந்தாலும், ஊர் முழுக்க ஒரே நேரத்தில் அழைத்தால் அது திணறிப்போகும். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4 சமுதாய வானொலி 2004-லிருந்து ஒலிக்கிறது. சென்னை வானொலியின் 101.4 இருக்கிறது. இந்த அலைகள் நம் தலைக்கு மேல்தான் போய்க்கொண்டிருக்கின்றன. பிடிப்பதற்குத்தான் கருவி இல்லை.

ஏன் இல்லை என்பதுதான் எனக்கு மனத்தாங்கல். பல போன்களில் புளூடூத்துக்கும் வைஃபைக்கும் என்று வைக்கும் சிப்பிலேயே பண்பலை வாங்கியும் சேர்ந்து வருகிறது. அதை இணைக்காமலோ, திறந்துவிடாமலோ விற்கிறார்கள். இயர்போன் வயர்தான் பண்பலைக்கு ஆண்டெனா. 2016-ல் ஐபோன் 7 இயர்போன் துளையை நீக்கியதும் மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக நீக்கினார்கள். துளை போனதோடு ஆண்டெனாவும் போயிற்று. 2017-ல் அமெரிக்காவைச் சூறாவளிகள் அடுத்தடுத்துத் தாக்கியபோது, அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையத்தின் தலைவர் அஜித் பய், ஐபோனில் உள்ள பண்பலைச் சிப்பை உயிர்ப்பியுங்கள் என்று ஆப்பிளை வெளிப்படையாகக் கேட்டார். புதிய மாடல்களில் அந்தச் சிப்பே கிடையாது என்று பதில் வந்தது. நம் ஒன்றிய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் 2023-ல், போன்களில் பண்பலை வசதியை முடக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. அறிவுறுத்தல்தான், கட்டாயம் அல்ல. கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. இன்று ஐபோன்கள் நமக்குப் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில்தான் பொருத்தப்படுகின்றன. இங்குள்ளவர்களின் கைகள் செய்யும் போன், அந்தக் கைகளுக்குரியவர்கள் வீட்டில் தண்ணீர் புகுந்தால் ஒரு செய்தியாவது சொல்ல வேண்டாமா?

இணையத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்தவர் இந்தப் பக்கம் யார்? டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போக முடியாமல், 1878-ல் தொடங்கிய 'தி இந்து' அன்று சென்னையில் அச்சாகவில்லை. அதன் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அச்சுத் தொழிலில் இருக்கும் எனக்கு அந்தச் செய்தி இன்றும் வயிற்றைப் பிசைகிறது. அந்த வெள்ள நாட்களில் வேலை செய்தது இணையம்தான். எந்த வீட்டில் எத்தனை பேர் தங்கலாம், எங்கே சாப்பாடு கிடைக்கும், எந்த முதியவரை மீட்க வேண்டும் என்று முன்பின் அறியாதவர்கள் ஒரே பட்டியலில் எழுதித் திருத்திக்கொண்டே இருந்தார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில், தண்ணீர் நின்ற தெருக்களை மக்களே தொட்டுத் தொட்டுக் குறித்தார்கள். 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜானின் பதிவுக்காக வீடுகள் விழித்திருந்தன. அந்தப் பட்டியல்களால் கரையேறியவர்கள் நம் வாசகர்களிலேயே இருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பட்டியலில் எழுதிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் மின்சாரம் இருந்த இடங்களில் இருந்தார்கள். தண்ணீருக்குள் இருந்தவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி தப்பித் தவறி வெளியே வந்தால்தான் அவர் பெயர் பட்டியலில் ஏறும். டவர் விழுந்த தெரு அந்த வரைபடத்தில் வெள்ளம் நின்ற தெருவாகக்கூடத் தெரியாது, குறிப்பதற்கு ஆள் இல்லாததால்.

பள்ளிக்கரணையில் வெள்ளம் எங்கிருந்தோ வரும் விருந்தாளி அல்ல. தாம்பரம், மேடவாக்கம், மடிப்பாக்கம் பக்கத்து ஏரிகள் நிறைந்து வழிந்தால் தண்ணீர் இறங்கும் இடம் இதுதான். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கடலுக்கும் அது போக வேண்டும். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம் 1,247 ஹெக்டேர்; முன்பு அதைப்போலப் பல மடங்கு விரிந்து கிடந்தது. அந்த மீதி இடத்தில்தான் குப்பைமேடும், சாலையும், நம் வீடுகளும் இருக்கின்றன. ஆகவே இங்கே விற்கும் போனை இங்கே வரும் மழையை வைத்துத்தான் எடைபோட வேண்டும். கடையில் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறோம். கரண்டும் டவரும் இல்லாத மூன்று நாளில் இது என்ன செய்யும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் கடிதங்களை மறுபடி படித்தேன். சேலையூர் மாணவருக்கு அவருடைய விளையாட்டின் மீது இருக்கும் அன்பு எனக்குப் புரிகிறது. நண்பர்களோடு சேர்ந்து ஆடும் அந்தச் சந்தோஷம் உண்மையானது. ஆனால் தம்பி, அந்த விளையாட்டு உங்கள் போனில் இல்லை, எங்கோ இருக்கும் சர்வரில் இருக்கிறது. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி தடை செய்யப்பட்டது. அதன் இந்தியப் பதிப்பு 2021-ல் வந்தது, 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து நீங்கியது, 2023 மே மாதம் திரும்பியது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் போனது. டிக்டாக் 2020 ஜூன் 29 இரவோடு முடிந்தது. பல கிராமத்துப் பெண்களின் பாட்டும் ஆட்டமும் அதோடு போயின. அந்தத் தடைகள் சரியா தவறா என்று நான் இங்கே வாதாட வரவில்லை. நம்முடையது என்று நாம் நினைத்தது வாடகை வீடு என்பதை மட்டும் அந்த நாட்கள் காட்டின. நெட் இல்லாமல் ஓடும் சதுரங்கம், கேரம், சொல் விளையாட்டு என்று ஒன்றிரண்டு போனில் இருக்கட்டும். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுக் குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று பார்த்தவள் சொல்கிறேன்.

பாட்டும் அப்படியே. தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். உரிமை பெறாத பதிவுகள் அவை. அந்த முறையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பாட்டு நம் கையில் இருந்தது. இப்போது கார்டு போடும் இடத்தையும் பல போன்களில் எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்து முறையாக இறக்கிவைத்த பாட்டு இருந்தால் அதைத் தனிக் கோப்பாகச் சேமித்து வையுங்கள். படிப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன்: 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க இலக்கியம் முதல் பாரதி வரை நூற்றுக்கணக்கான தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. இறக்கிவைத்தால் போதும், அதன் பிறகு நெட் வேண்டாம். கிவிக்ஸ் என்ற செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவையே போனுக்குள் வைத்துக்கொள்ளலாம். என் போனில் இரண்டும் இருக்கின்றன.

2023 அக்டோபரில் நம் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பெருங்குரலில் அலறியது நினைவிருக்கிறதா? பலர் பயந்துபோய் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். அது பேரிடர் எச்சரிக்கைச் சோதனை. ஒரு டவரின் கீழ் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் ஒரே நேரத்தில் போகும். எண் தெரிய வேண்டியதில்லை, அழைப்பு நெரிசலும் அதைத் தடுக்காது. நல்ல ஏற்பாடு. செட்டிங்ஸில் அதை அணைத்து வைத்திருந்தால் தயவுசெய்து இன்றே திறந்துவிடுங்கள். டவர் நிற்கும் வரை அது சொல்லும். டவர் விழுந்த பிறகு சொல்ல வானொலி வேண்டும்.

ரிப்பேர் தம்பி எனக்கு ஒரு பழைய பட்டன் போனைச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். கழற்றி மாட்டும் பேட்டரி, பி.எல்-5சி, கூடவே உபரியாக இன்னொன்று. கடையில் கேட்டால் எளிதாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. புதுப் போனை விட்டுவிடச் சொல்லவில்லை, நானும் விடப்போவதில்லை. வீட்டுக்கு ஒன்று, அதுவும் முடியாவிட்டால் படிக்கட்டுக்கு ஒன்று. நாலு குடும்பம் சேர்ந்து வாங்கினால் ஆளுக்குப் பெரிய செலவு ஆகாது. வயரோடு கூடிய இயர்போனை அதோடு சேர்த்தே வையுங்கள். அது இல்லாமல் பல போன்களில் வானொலி பேசாது.

இன்னொன்று. அந்த மூன்று நாளில், போன் அணைந்ததும் மகனின் எண் தெரியாமல் தவித்த ஒரு தாயைப் பார்த்தேன். பட்டன் போனில் ஒரு நிமிடம் சிக்னல் வந்தது. பேசச் சொல்லிக் கொடுத்தோம். அவருக்கு அழுத்த எண் தெரியவில்லை. அதனால் இந்த இதழின் நடுவில் ஒரு கெட்டியான அட்டை வைத்திருக்கிறோம். பத்து வரி இருக்கிறது. வெட்டி எடுத்து, பிள்ளைகள், மருத்துவர், பக்கத்துத் தெரு உறவு, படகு வைத்திருக்கும் தெரிந்தவர் என்று எண்களை எழுதி, அரிசி டின்னுக்குள் போட்டு வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பேனா மை நனைந்தால் கலைந்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்