மிளகாய் வற்றல்

நம் உணவுக்குக் காரம் தரும் மிளகாய் இந்நாட்டிற்குரிய பயிர் அன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அச்செடியை 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இங்குக் கொணர்ந்தனர். அதற்கு முன்னர் மிளகையே நம்பியிருந்த நம் முன்னோர், அதனைப் போன்றே உறைக்கும் இக்காய்க்கு மிளகாய் எனப் பெயரிட்டனர். இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெறும் அளவிற்கு அது நம் மண்ணோடு ஒன்றிவிட்டது.

வீட்டுத் தோட்டத்தில் நான்கைந்து மிளகாய்ச் செடி வளர்ப்போர் பலர். காய்களைப் பச்சையாகப் பறித்துக் கறிக்கு இடுவதோடு அவர்கள் நின்றுவிடுகின்றனர். செடியிலேயே பழுக்கவிட்டு, உலர்த்தி, ஆண்டு முழுமைக்கும் வற்றலாகச் சேமித்தல் வேண்டும் என்பது என் கருத்து.

கடையில் பொடி கிடைக்கும்போது இத்துணை உழைப்பு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். வற்றலின் குறையைக் கண் காணும். பொடியின் குறையை எவர் காண்பர்? நம் நாட்டிலிருந்து சென்ற மிளகாய்ப் பொடியில் சூடான் என்னும் சாயம் கலந்திருந்தது 2003ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் கண்டறியப்பட்டது. துணிக்கும் மெழுகிற்கும் நிறமூட்டும் சாயம் அது! அத்தகைய பொடி கலந்தமையால், 2005ஆம் ஆண்டில் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பண்டங்கள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. மிகச் சிவந்த பொடியே நல்ல பொடி என்று நாம் எண்ணும் வரையில் இவ்வஞ்சகம் ஒழியாது.

ஆயினும், வீட்டில் உலர்த்தியது என்பதனாலேயே வற்றல் நல்லதாகிவிடாது. பழுத்த மிளகாயின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீரே. அது பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உலர்த்துதல் வேண்டும். வெறுந்தரையிலும் சாலையோரத்திலும் பரப்பினால் புழுதியும் ஈரமும் சேரும். தூய பாயிலோ துணியிலோ மெல்லிதாகப் பரப்புவதே நன்று. மாலையில் பனி படாமல் குவித்து மூடிவைக்க வேண்டும். சோம்பலால் இதனை விட்டுவிட்டால் பூஞ்சணம் பற்றும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவை உண்ட வேர்க்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே அதற்குக் காரணம். அஃபிளாடாக்சின் எனப்படும் அந்நஞ்சு, ஈரம் போகாத மிளகாயிலும் தோன்றும், ஈரலைக் கெடுக்கும், சமையலின் சூட்டிற்கும் எளிதில் அழியாது. ஆதலின், பூஞ்சணம் கண்ட பழத்தைத் துடைத்து வைத்துக்கொள்ளுதல் சிக்கனம் ஆகாது. அதனை எறிந்துவிட வேண்டும்.

வெயிலில் வைட்டமின் சி பெரிதும் அழியும் என்பது உண்மையே. ஆனால், வற்றலை நாம் நாடுவது காரத்திற்கும் மணத்திற்கும் அன்றோ? ஊட்டத்திற்கு வேறு காய்கள் உள்ளன.

குலுக்கினால் விதைகள் கலகலவென ஒலிக்கும் பருவத்தில், வற்றலை நன்கு ஆறவிட்டு, காற்றுப் புகாத கலத்தில் இட்டு, ஒளி படாத இடத்தில் வைக்கலாம். ஒளி பட்டால் சிவப்பு வெளுக்கும். அவ்வப்போது வெயில் காட்டினால் வண்டு அணுகாது. பொடி வேண்டுமெனின், ஒரு மாதத்திற்குத் தேவையானதை மட்டும் இடித்துக்கொள்ளலாம். அன்று வீட்டார் அனைவரும் தும்முவர். அதனைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.